நான்கடித் தொட்டியில் குரோமிஸ் கூட்டம்

ஏப்ரல் 6, 2025
சென்னைக் கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து கிரீன் குரோமிஸ் என்ற சின்னக் கடல்மீன்கள் ஏழு வந்தாயிற்று. "ரொம்ப சாது சார், யார் வம்புக்கும் போகாது" என்றார் கடைக்காரர். டேம்சல் குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை அபூர்வம்தான். மற்றவை தொட்டியையே பட்டா போட்டுக்கொள்ளும் ரகம். ஆனாலும் ஒவ்வொன்றின் விலாவையும் பார்த்துத்தான் எடுத்தேன். அங்கே சிவந்த புண் இருந்தால் யூரோனீமா என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். குரோமிஸுக்கு அது அடிக்கடி வரும். வந்தால் சில நாளில் மீன் காலி. ஒரு மாதம் தனித்தொட்டியில் இருக்கட்டும்.

ஏப்ரல் 19
எல்லாம் நன்றாகச் சாப்பிடுகின்றன. பவளத்திட்டின் மேல் மிதந்தபடி, நீரோட்டத்தில் வரும் மிதவை உயிரிகளை நாள் முழுக்கக் கொத்தித் தின்னும் மீன் இது. ஒரே வேளையில் கொட்டினால் வயிறு வாடும், தண்ணீரும் கெடும். அதனால் ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலைக் கொஞ்சம் கொஞ்சமாக நான்கு வேளை. மதிய வேளை அம்மாவின் பொறுப்பு. "மனுஷனுக்கே மூணு வேளைதான்டா" என்று முணுமுணுத்துக்கொண்டே போடுகிறார்.

மே 4
பெரிய தொட்டிக்கு மாற்றினேன். உள்ளே காய்ந்த பாறையும், ரெசினில் செய்த கிளைப்பவளமும். ராமேஸ்வரம் பக்கம் போனால் நிஜப் பவளத் துண்டு ஒன்று எடுத்து வரலாமே என்று நண்பர் கேட்டார். கல்பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் அதே அட்டவணைதான். ரெசின் போதும். விளக்கை அணைத்ததும் ஆளுக்கொரு கிளை இடுக்கில் போய்ச் செருகிக்கொள்கின்றன.

மே 13
கத்தரி வெயில். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் ஓடியும் 28 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். கரண்ட் போனால் இன்னும் மோசம். பேட்டரி ஏர்பம்ப் தயாராக இருக்கிறது. தண்ணீர் ஆவியானாலும் உப்பு அப்படியே தங்கிவிடும் என்பதால், குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றி அடர்த்தியை 1.025-இல் நிறுத்துகிறேன்.

மே 27
சாதுவின் மறுபக்கம் தெரிகிறது. பெரியது ஒன்று சின்னதை விடாமல் துரத்துகிறது. சின்னதன் வால் ஓரம் கிழிந்து, தீனி நேரத்திலும் மூலையிலேயே நிற்கிறது. இவை மற்ற மீன்களிடம்தான் சாது. தங்களுக்குள் மேல் கீழ் பார்க்கும். கடலில் அடி வாங்கியது பக்கத்துப் பவளத்துக்கு ஓடிவிடும். நான்கடியில் எங்கே ஓடுவது? பலர் வீட்டில் ஏழு ஐந்தாகி, ஐந்து இரண்டாவது இப்படித்தான்.

பயமுறுத்த ஒரு பெரிய மீனை விட்டால் ஒற்றுமையாகிவிடும் என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஒட்டி ஒட்டித் திரியும் கூட்டம் மிரண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். பார்க்க அழகு, சரி. அதற்காகத் தினமும் அவற்றுக்குப் பீதி காட்ட வேண்டுமா? அதற்குப் பதில் அந்த ரவுடியைத் தனித்தொட்டிக்கு மாற்றிவிட்டேன். கிளைகளும் கூடுதலாக இரண்டு வைத்தேன்.

ஜூன் 10
ரவுடி திரும்பி வந்தது. வரிசை அதற்குள் மாறிவிட்டதால் இப்போது புது ஆள் கணக்கு; அடக்கமாக இருக்கிறது. சின்னது நடுத்தண்ணீருக்கு வந்து தின்கிறது. வால் வளர்ந்துவிட்டது. துரத்தல் அடியோடு நிற்கவில்லை, ஆனால் ஒருவரையே குறிவைப்பது நின்றிருக்கிறது.

மச்சான் தன் இரண்டடித் தொட்டிக்கு நாலு குரோமிஸ் கேட்கிறார். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்துக்கு ஒரு ஜோடி கோமாளி மீன் போதும். பண்ணையில் பொரித்த குஞ்சே கிடைக்கிறது. குரோமிஸ் பெரும்பாலும் கடலில் பிடித்தது. மச்சானுக்குக் கோபம்தான். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு கொளத்தூர் போக வேண்டும்.