அப்ப வையுங்கோ

இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் படத்துக்கு மாலை போட்டு, மிக்சர் தட்டோடு நூலகர் தினமான ஆகஸ்ட் 12ஐ முடித்துக்கொள்ள வேண்டாம், நூலகங்களைப் பற்றி வந்த புத்தகங்களை ஒரு மேசையில் பரப்பி வைக்கலாம் என்றது நான்தான். எங்கள் கிளை நூலகத்தில் இருந்தவை கொஞ்சம், வீட்டிலிருந்து நான் தூக்கி வந்தவை மிச்சம். மேசைக்குப் பின்சுவரில், 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் படம் ஒன்றைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தேன். சுவரெல்லாம் கரியேறி, ஜன்னல்கள் வெறும் ஓட்டைகளாக நிற்கும் படம்.

அன்றாடம் பேப்பர் படிக்க வரும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் அதன் முன்னால் நின்றார்.

"உந்தப் படத்தைக் கழட்டி விடுங்கோவன் பிள்ளை."

"ஏம்மா?"

"எரிஞ்சது எல்லாருக்கும் தெரியும். எரியிறதுக்கு முதல் அங்கை என்ன இருந்ததெண்டு ஆருக்குத் தெரியும்?"

"புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு எரிஞ்சதே தெரியாதும்மா. அவங்க பார்க்கணும்ல."

"அப்ப வையுங்கோ" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். வருத்தமாகச் சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். கடைக்காரர் விலையைக் குறைக்க மாட்டார் என்று தெரிந்ததும் நகர்ந்துபோகிறவர்களின் குரலில் சொல்லிவிட்டு, வார இதழ்கள் இருக்கும் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் சொன்னதில் பிழை ஒன்றும் இருப்பதாக அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் முழுசாகத் தோன்றவில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பையன்கள் அந்தப் படத்தைப் பார்த்து "இது எந்த ஊர் மேடம்?" என்று கேட்டார்கள். 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள் என்று சொன்னபோது ஒருவன் செல்போனைக் கீழே வைத்தான். ஒரு கண்காட்சி மேசைக்கு அதற்கு மேல் என்ன வேலை?

ஆனால் அந்த அம்மா போன பிறகு மேசையைப் பார்த்தேன். உம்பர்த்தோ எக்கோவின் நாவல்: மடாலயத்து நூலகம் கடைசியில் எரிகிறது. ரே பிராட்பரி: புத்தகங்களை எரிப்பதே தீயணைப்புப் படையின் உத்தியோகம். சூசன் ஆர்லியன்: லாஸ் ஏஞ்சல்ஸ் மத்திய நூலகத் தீ. 'என் சரித்திரம்': கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை ஓமத் தீயில் இட்டுவிட்டார்கள் என்று உ.வே.சா. கேட்டறிந்து பதறும் இடத்தில் நானே அடையாளச் சீட்டு செருகியிருந்தேன். என்.செல்வராஜா தொகுத்த யாழ்ப்பாண நூலக வரலாறு. ஒன்று விடாமல் எரிகிறது. திட்டம் போட்டு இப்படி அடுக்கவில்லை. நூலகத்தை நேசிப்பவர்களுக்கான புத்தகம் என்று என் கை தேடி எடுத்தது இவற்றைத்தான்.

நூலகம் எரிந்தால் புத்தகம் எழுதுகிறார்கள், திறந்திருந்தால் எழுதுவதில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற விளம்பரப் பலகை ஓவியர் ஆயுள் முழுக்கச் சேர்த்த நூல்களும் இதழ்களும், 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, தமிழ்நாட்டை விட்டுப் போகாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? எரியவில்லை, அதுதான் குறை போலிருக்கிறது.

எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள ஆர்லியனின் புத்தகத்தை வீட்டில் மறுபடி எடுத்தேன். 1986 ஏப்ரல் 29. ஏழு மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. 4 லட்சம் புத்தகங்கள் அழிந்தன, 7 லட்சம் சேதமடைந்தன. அதே நாட்களில் செர்னோபில் வெடித்ததால் அந்தத் தீ செய்தித்தாள்களில் அமுங்கிப்போனது. புத்தகம் வந்தது 2018இல். இத்தனை நாளும் எல்லோரிடமும் அதை "அந்தத் தீ புத்தகம்" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். திரும்பப் படித்தால் பெரும்பகுதி தீயே இல்லை. கிளைகளுக்குப் புத்தகப் பெட்டிகளை அனுப்பும் அறை, தொலைபேசியில் கண்டதையும் கேட்பவர்களுக்குப் பதில் சொல்கிறவர்கள், கதவு திறக்கக் காத்திருக்கும் வீடற்றவர்கள் என்று போகிறது. தீயைக் காட்டி நம்மை உள்ளே இழுத்து, பிறகு சாதாரண நாட்களைக் காட்டுகிறார். நானும் அதைத்தானே செய்தேன் என்று கொஞ்சம் நிம்மதி வந்தது. அது நிற்கவில்லை. புத்தகத்துக்கு அடுத்த பக்கம் இருக்கிறது. சுவரில் ஒட்டிய படத்துக்கு ஏது?

அந்த அம்மா கேட்ட "எரியிறதுக்கு முதல்" பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். 1933இல் செல்லப்பா என்பவரின் வீட்டில் தொடங்கியது. பிறகு பொது நூலகமானது. புதுக் கட்டடத்தின் வரைபடம் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனுடையது, ஆலோசனை நம் ரங்கநாதனுடையது. 1959இல் திறந்தார்கள். அதாவது அந்தக் கட்டடம் 22 ஆண்டுகள் காலையில் திறந்து மாலையில் மூடியிருக்கிறது. நான் சுவரில் ஒட்டியது அதில் ஒரே ஒரு இரவை.

சில நாள் கழித்து நானே போய்ப் பேச்சுக் கொடுத்தேன். அரும்பெரும் ஓலைச்சுவடிகளைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் சொன்னது, கதைத்தால் ஏசுவார்கள் என்பது. வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து உள்ளே நுழைந்ததும் தரை குளிர்ந்து கிடக்குமாம். பிறகு, "என்னட்டை ஒரு புத்தகம் இருந்தது பிள்ளை. தையல் படிக்கிற புத்தகம். குடுக்கிற தவணை பிந்திப்போச்சு. பிறகு குடுக்கிறதுக்கு இடமில்லை" என்றார். அது எங்கே என்று கேட்டேன். 95இல் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது அலமாரியிலேயே விட்டுவிட்டு வந்தாராம். சட்டை வெட்டும் அளவுகள் போட்ட பக்கங்களில் பென்சிலால் தன் அளவைக் குறித்து வைத்திருந்ததாகவும், நூலகப் புத்தகத்தில் எழுதியதை இப்போது ஒரு நூலகரிடம் சொல்லக் கூடாதுதான் என்றும் சிரித்தார்.

97,000 என்று நான் பையன்களிடம் சொன்னபோது என் மனதில் இருந்தவை எல்லாம் சுவடிகளும் அரிய பதிப்புகளும்தான். தையல் புத்தகம் அந்தக் கணக்கில் இல்லை.

படத்தைக் கழற்றினேன். அவர் திரும்பக் கேட்கவில்லை, நானாகத்தான். அந்த இடத்தில் வெள்ளைக் கட்டடமும் கும்மட்டமும் முன்னால் சரஸ்வதி சிலையுமாக இருக்கும் படத்தை ஒட்டினேன். விஷயம் அத்தோடு முடிந்திருக்கலாம்.

மறுநாள் செல்போனைக் கீழே வைத்த அதே பையன் கேட்டான். "அந்தப் படம் எங்க மேடம்?"

"ஒருத்தங்க எடுக்கச் சொன்னாங்கப்பா."

"ஒருத்தங்க சொன்னா எடுத்துடுவீங்களா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் முன்பு வாசகர் வட்டத்தில் ஒரு பெரியவர், ஒரு நாவலின் பெயரைச் சொல்லி அதை அலமாரியிலிருந்து எடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தபோது, ஒருவர் சொன்னார் என்று எடுக்க ஆரம்பித்தால் கடைசியில் அலமாரிதான் மிஞ்சும் என்று சொன்னவள் நான். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று ரங்கநாதனின் மூன்றாம் விதியை வேறு எடுத்து விட்டேன். அன்று எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் பிடித்திருந்தது.

இரண்டும் ஒன்றல்ல என்று வாதாட முடியும். பெரியவர் அந்த நாவலைப் படிக்கவே இல்லை. இந்த அம்மா அந்தக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து படித்தவர். பெரியவர் யாரும் படிக்கக் கூடாது என்றார், இவர் இதை மட்டும் பார்க்காதே என்றார். சரி. ஆனால் பட்டவர் சொன்னால் கேட்பேன், படாதவர் சொன்னால் மாட்டேன் என்றால், யார் எவ்வளவு பட்டார் என்று அளக்கும் வேலை எனக்கு எப்போது வந்தது? அதே ஊரிலிருந்து வேறொருவர் வந்து, ஏன் மறைத்தீர்கள், எரித்தவர்களுக்கு அதுதானே வேண்டும் என்று கேட்டால்? 1984இல் ஒரு பகுதியைத் திறந்து, பின்னர் போரில் மறுபடி சேதமாகி, கட்டடத்தைப் புதுப்பித்தபோது எரிந்த சுவரை நினைவாக அப்படியே விட வேண்டும் என்றவர்களும் இருந்திருக்கிறார்கள். அந்த ஊரிலேயே முடியாத வாதத்தை ஒரு செலோடேப்பை வைத்துக்கொண்டு நான் முடிக்கப் பார்த்திருக்கிறேன்.

இந்த யோசனையில்தான் அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸை நினைத்துக்கொண்டேன். அவரை அந்த மேசையில் வைக்கவில்லை, எரியாததாலோ என்னவோ. புவெனஸ் அயர்ஸில் ஒரு நகராட்சிக் கிளை நூலகத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தார். நூற்பட்டி தயாரிக்கும் வேலை. சேர்ந்த புதிதில் நிறையச் செய்துவிட்டதால், இப்படிச் செய்தால் எங்கள் பாடு என்ன ஆவது என்று உடன் வேலை செய்தவர்கள் தடுத்தார்களாம். எந்த அரசு அலுவலகத்திலும் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நம் ரங்கநாதனும் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்த புதிதில் சலிப்புத் தாங்காமல் கணக்கு வாத்தியார் வேலைக்கே போய்விடுகிறேன் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றவர்தான். போர்ஹெஸின் முடிவில்லாத நூலகக் கதை 1941இல் வந்தது, அந்தச் சலிப்பின் நடுவில். இப்படிப் பார்த்தால் அந்த அம்மா கேட்ட "முதல்" எழுதப்படாமல் இல்லை. நான்தான் அந்த அலமாரிக்குப் போகவில்லை. இதைச் சொல்லும்போதே ஒரு சந்தேகமும் வருகிறது: போர்ஹெஸை வைத்திருந்தால் அந்தப் பையன் செல்போனைக் கீழே வைத்திருப்பானா?

அந்த அம்மா இப்போதும் வருகிறார். வெள்ளைக் கட்டடப் படத்தைப் பார்த்தாரா என்று தெரியாது, ஒன்றும் சொல்லவில்லை. நன்றி என்று ஏதாவது சொல்வார் என நான் எதிர்பார்த்திருந்தால் அது எனக்குத்தான் கேவலம். எதிர்பார்த்தேன்.

அடுத்த ஆகஸ்டுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று பக்கத்துக் கிளை நூலகர் கேட்டார். அவர் யோசனை, இரண்டு படங்களையும் சேர்த்து ஒட்டிவிடுங்கள் என்பது. ஒட்டிப் பார்த்தேன். இடதில் வெள்ளைக் கட்டடம், வலதில் கரி. தலைமுடித் தைலக்காரர்களின் முன்–பின் விளம்பரம் மாதிரி இருந்தது. வலதுக்கு வலதில் புதுப்பித்து மறுபடி திறந்த கட்டடத்தையும் சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார் அவர். எனக்கு அது இன்னும் மோசமாகப் படுகிறது, ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.