திரைக்கு ஒரு புது அளவு: லினக்ஸ் நாட்குறிப்பு

2024 மார்ச் 3, ஞாயிறு

மடிக்கணினியில் வெளி மானிட்டரைச் செருகினால் 1024×768-க்கு மேல் பட்டியலில் எதுவுமே இல்லை. மானிட்டர் 1920×1080. எழுத்தெல்லாம் வீங்கி, ஓரம் மங்கி, பார்க்கவே கண் வலிக்கிறது.

இரண்டு கணினிகளுக்கும் ஒரே மானிட்டர் என்பதால் நடுவில் ஒரு எச்டிஎம்ஐ ஸ்விட்ச் பெட்டி இருக்கிறது. என் சந்தேகம் அதன் மேல்தான். தன்னால் எந்தெந்த அளவுகளைக் காட்ட முடியும் என்ற விவரத்தை ஒவ்வொரு திரையும் ஈடிஐடி என்ற சின்னத் தரவுத் தொகுப்பில் வைத்திருக்கும். கேபிளைச் செருகியதும் கணினி அதைத்தான் முதலில் படிக்கிறது. லினக்ஸில் அதை ஒரு கோப்பாகவே பார்க்கலாம்: சிஸ் அடைவில் கிளாஸ், அதற்குள் டிஆர்எம், அங்கே ஒவ்வொரு இணைப்புக்கும் தனி அடைவு. பெட்டி வழியாகப் படித்தால் அந்தக் கோப்பு 128 பைட். மானிட்டரை நேராகச் செருகிப் படித்தால் 256 பைட். ஆக, பெட்டி மானிட்டரின் தரவை அனுப்பாமல் தன்னுடைய மொட்டை அட்டவணையை நீட்டுகிறது. பின்பாதி வராததால் எச்டிஎம்ஐ பற்றிய விவரம் எதுவும் கணினிக்குப் போய்ச் சேரவில்லை.

நாமே அளவைச் சேர்த்துவிட வேண்டியதுதான்.

2024 மார்ச் 4, திங்கள்

வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். திரை அளவுக்கான நேரக் கணக்கைப் போடும் சிவிடி கட்டளையிடம் அகலம், உயரம், புதுப்பிப்பு வீதம் மூன்றையும் கொடுத்தால், அந்தக் கணக்கை மோட்லைன் என்ற ஒற்றை வரியாகத் தரும். அதைத் திரை அமைப்பை மாற்றும் எக்ஸ்ராண்டர் கட்டளையின் நியூமோட் மூலம் பதிவு செய்து, ஆட்மோட் மூலம் இணைப்போடு சேர்த்து, அப்புறம் அந்த அளவுக்கு மாற வேண்டும்.

1920, 1080, 60 என்று கொடுத்ததும் சிவிடி தந்த வரியின் முதல் எண் 173.00. பதிவானது, பட்டியலிலும் சேர்ந்தது. மாறச் சொன்னதும் "கான்ஃபிகர் சிஆர்டிசி ஃபெயில்டு" (அளவை அமைக்க முடியவில்லை) என்ற பிழைச் செய்தி வந்து நின்றது. பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் டிரைவரைத் திட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள். ஆனால் விடை அந்த முதல் எண்ணிலேயே இருக்கிறது.

அது பிக்சல் கடிகாரம், அதாவது நொடிக்கு எத்தனை பிக்சல் அனுப்பப்படுகிறது என்ற வேகம், மெகாஹெர்ட்ஸ் கணக்கில். எச்டிஎம்ஐ விவரம் இல்லாத ஈடிஐடி வந்தால் இன்டெல் டிரைவர் எதிரே இருப்பதை டிவிஐ (எச்டிஎம்ஐக்கு முந்தைய இணைப்பு முறை) திரை என்றே எடுத்துக்கொள்கிறது. ஒற்றை இணைப்பு டிவிஐக்கு உச்சவரம்பு 165 மெகாஹெர்ட்ஸ். 173 அதைத் தாண்டுகிறது, அதனால் மறுக்கிறது. அதன் பக்கம் நியாயம்தான்.

1920×1080-க்கு ஏன் 173 தேவைப்படுகிறது? சிவிடி கணக்கில் ஒரு வரியின் முழு நீளம் 2576 பிக்சல், மொத்த வரிகள் 1120. மிச்சமெல்லாம் வெற்று நேரம். பழைய குழாய்த் திரைகளில் எலக்ட்ரான் கற்றை ஒரு வரியை முடித்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப அவகாசம் வேண்டும், அதற்காக விட்ட இடைவெளி அது. எல்சிடிக்கு அவ்வளவு தேவையில்லை. சிவிடிக்கு ஆர் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் இடைவெளியைச் சுருக்கித் தருகிறது:

138.50 1920 1968 2000 2080 1080 1083 1088 1111

2080-ஐ 1111-ஆல் பெருக்கினால் ஒரு சட்டகத்துக்கு, அதாவது ஒரு முழுப் படத்துக்கு, 23,10,880 பிக்சல். 138.5 மெகாஹெர்ட்ஸை அதனால் வகுத்தால் நொடிக்கு 59.93 சட்டகம். அதே படம், அதே வேகம், வரம்புக்குள்ளும் அடங்குகிறது. கொடுத்ததும் திரை ஒரு கணம் கருத்து, முழு அளவில் விரிந்தது. என்ன ஒரு நிம்மதி!

சோதிக்கும்போது கட்டளையோடு "ஸ்லீப் 15" சேர்த்து, அதன் பின் ஆட்டோவுக்கு (கணினியே தேர்ந்தெடுக்கும் அளவுக்கு) திரும்பும்படி ஒரே வரியில் எழுதிவிடுவது நல்லது. திரை இருண்டு போனாலும் தானாகவே மீண்டு வரும்.

2024 மார்ச் 6, புதன்

எக்ஸ்ராண்டரில் செய்தது வெளியேறி மீண்டும் நுழைந்தால் காணாமல் போய்விடும். அதே மூன்று கட்டளைகளையும் உள்நுழையும்போது தானாக ஓடும் எக்ஸ்புரொஃபைல் கோப்பில் போட்டுவிட்டேன். எக்ஸ் என்ற பழைய திரை அமைப்புக்குப் பதிலாக வந்த வேலேண்டில் இந்த வழி செல்லாது. அங்கே லினக்ஸின் மையமான கர்னலுக்கே, அது தொடங்கும்போது கொடுக்கும் வீடியோ அளவுருவில் இணைப்பின் பெயரையும் அளவையும் எழுதி, அளவுக்குப் பின்னால் எம், ஆர் என்ற எழுத்துகளைச் சேர்த்தால் சுருக்கிய இடைவெளியோடு அதுவே கணக்கிட்டுக்கொள்கிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எக்ஸில் எச்டிஎம்ஐ-1 என்று தெரியும் இணைப்பு கர்னலில் எச்டிஎம்ஐ-ஏ-1.

2024 மார்ச் 10, ஞாயிறு

இன்று மடிக்கணினியின் சொந்தத் திரை. 1366×768. இந்த அளவே ஒரு விசித்திரம். 1366 எட்டால் வகுபடாது, அதனால் சிவிடியிடம் கேட்டால் 1368 என்று திருத்தித் தருகிறது.

1280×720 சேர்த்தேன், உடனே வேலை செய்தது. ஆனால் பேனல், அதாவது மடிக்கணினியின் திரைத் தகடு, மாறவில்லை. அது எப்போதும் தன் 1366×768-லேயே ஓடுகிறது, கிராபிக்ஸ் சிப்தான் படத்தை இழுத்து நிரப்புகிறது. "ஸ்கேலிங் மோட்" என்ற பண்பை ஃபுல், சென்டர், ஃபுல் ஆஸ்பெக்ட் என்று மாற்றிப் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். சென்டரில் வைத்தால் நடுவில் படம், சுற்றிலும் கறுப்பு.

1600×900 சேர்த்தால் மறுத்துவிட்டது. பேனலில் இல்லாத பிக்சலை எந்த மோட்லைனும் கொண்டுவராது. எக்ஸ்ராண்டரின் ஸ்கேல்-ஃபிரம் மட்டும் ஒரு வழி தருகிறது: 1600×900 பரப்பில் வரைந்து, அதைச் சுருக்கிப் பேனலில் காட்டும். சில நிரல்களின் உரையாடல் பெட்டியில் கீழே உள்ள பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும்போது அவசரத்துக்கு இது உதவும். நாள் முழுக்க வைத்துப் படிக்க முடியாது. "ண"வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, "ன"வா "ண"வா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உள்திரையை அதன் சொந்த அளவிலேயே விட்டுவிட்டேன். இடம் போதாத குறைக்கு எழுத்துரு அளவை ஒரு புள்ளி குறைத்து, பணிப்பட்டையைத் தானாக மறையும்படி வைத்திருக்கிறேன்.