டெல்டாவுக்கு சட்டம் இருக்கு, மனைக்கல்லுக்கு என்ன இருக்கு?

2020-ல காவிரி டெல்டாவ பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு அறிவிச்சு சட்டம் வந்தப்ப எங்க மன்னார்குடி பக்கம் வெடி போடாத குறைதான். 2017-ல புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல் ஜனங்க ஹைட்ரோகார்பன் (பூமிக்கடியில இருக்க எண்ணெய், எரிவாயு) எடுக்குற திட்டம் வேணாம்னு பந்தல்ல உக்காந்ததுக்கு கெடச்ச பலன்னுதான் நான் சொல்லுவேன். 2023-ல நிலக்கரி ஏலப் பட்டியல்ல தஞ்சாவூர் மாவட்டம் வடசேரி பேர் அடிபட்டப்ப கூட இந்த சட்டத்த காட்டித்தான் சத்தம் போட்டாங்க, ஏலத்துலேர்ந்து எடுத்தாங்க.

ஆனா அதுல தடை போட்ருக்க பட்டியல பாருங்க, தாமிர உருக்காலை, தோல் தொழிற்சாலை, மீத்தேன், ஷேல் கேஸ் (பாறை இடுக்குல இருக்க எரிவாயு) எடுக்குறது, எல்லாம் பெரிய பூதங்க. ஏற்கனவே ஓடிட்டிருந்த எண்ணெய் கெணறுங்கள அது தொடாது. வயல தூத்து பிளாட் போடுறது பட்டியல்லயே இல்ல!

பைபாஸ் ஓரமா வந்து பாருங்க, செம்மண் அடிச்சு ரெண்டடி ஒசத்தி, மஞ்ச பெயிண்ட் கல்லு நட்டு, கலர் கொடி கட்டி, வாசல்ல ஆர்ச் வேற (நகர் பேரு மட்டும் "பசுமை"னு வப்பாங்க). அந்த மண்ணுக்கடியில வடிவாய்க்கால் போயிடுது. ஐப்பசி கார்த்திகைல மழை கொட்டும்போது பக்கத்து வயல் தண்ணி வடிய வழியில்லாம சம்பா பயிர் தூரோட அழுகுது, அந்த வயலுக்காரர் ரெண்டு வருசம் பல்ல கடிச்சிட்டு அப்புறம் தன் நிலத்தயும் விக்க அதே பிளாட் புரோக்கருக்கு போன் போடுறாரு, அவர குத்தம் சொல்லி என்ன பண்ண?

பிளாட் வாங்குறவங்க அப்ரூவல் இருக்கான்னு மட்டும் கேக்காம, கிராம வரைபடத்துல அந்த எடத்துல வாய்க்கால் ஓடுதான்னும் விஏஓகிட்ட ஒரு தடவ கேட்டுருங்க.