ஸ்கலாவில் குரூப்பிங் கோடை (code) எங்கே வைப்பது: ஏலக்காய்க் கணக்கில் செய்து பார்த்தது

போடியில் மாமாவின் ஏலக்காய்க் கணக்குக்காக ஸ்கலா என்ற புரோகிராமிங் மொழியின் 3-ஆம் பதிப்பில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறேன். தோட்டம் மலைக்கு மேலே இடுக்கிப் பக்கம், காய் சில சமயம் புற்றடி ஏலத்துக்குப் போகும், சில சமயம் கீழே போடிக்கு வரும். மாமாவுக்கு வேண்டியது இரண்டு: தரம் வாரியாக மொத்தக் கிலோ, அப்புறம் தேதி வரிசை கலையாமல், தொடர்ந்து ஒரே இடத்தில் விற்ற லாட் (ஒரே தடவையாக விற்ற சரக்கு) எல்லாம் ஒரு கட்டாக.

முதலாவதுக்கு நாமாக எதுவும் எழுத வேண்டாம், ஸ்கலா 2.13-இல் வந்த குரூப்மேப்ரெட்யூஸ் (groupMapReduce, வகை பிரித்துக் கூட்டித் தரும் மெத்தட்) ஒரே வரியில் முடித்துவிடும். இரண்டாவதுக்கு குரூப்பை (groupBy, வகை வாரியாகப் பிரிக்கும் மெத்தட்) உதவாது. நடுவில் போடி லாட் வந்திருந்தாலும் புற்றடி லாட் எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிவிடும், திரும்பி வரும் மேப்பில் வரிசைக்கும் உத்தரவாதம் இல்லை. அடுத்தடுத்து இருப்பதை மட்டும் சேர்க்கும் மெத்தட் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் இல்லாததால், ஸ்பேன் (நிபந்தனை பொருந்தும் வரையுள்ள முன்பகுதியைத் தனியாக வெட்டித் தரும் மெத்தட்) வைத்து எழுதினேன்.

எழுதியதை எங்கே வைப்பது என்பதில்தான் நிறைய யோசித்தேன். ரிப்போர்ட் கிளாசுக்குள் வைத்தால் அடுத்த ரிப்போர்ட்டுக்குக் கிடைக்காது. யுடில் என்று ஒரு ஆப்ஜெக்டில் போட்டால் வேலை நடக்கும், ஆனால் ஃபில்டர், சார்ட்பை என்று புள்ளி வைத்துத் தொடர்ந்து போகிற கோடு அங்கே உடைந்து, உள்ளிருந்து வெளியே படிக்க வேண்டியதாகிறது. அதனால் எக்ஸ்டென்ஷன் மெத்தடாக்கி (ஏற்கனவே உள்ள டைப்புக்கு வெளியிலிருந்து சேர்க்கும் மெத்தட்), தனி ஃபைலில் டாப் லெவலிலேயே வைத்தேன். ஸ்கலா 3-இல் இதற்கு பேக்கேஜ் ஆப்ஜெக்ட் தேவையில்லை. ஸ்கலா 2 என்றால் இதையே இம்ப்ளிசிட் கிளாசாக ஒரு ஆப்ஜெக்டுக்குள் வைக்க வேண்டும். மற்ற பேக்கேஜ்களில் இம்போர்ட் பண்ணியாக வேண்டும், அது நல்லதே, மெத்தட் எங்கிருந்து வந்தது என்று ஃபைலின் தலையிலேயே தெரிகிறது.

ஆனால் 'ஏல இடம் வாரியாக' என்பது பொதுவான லாஜிக் இல்லை, லாட்டுக்கே உரியது. லிஸ்ட் ஆஃப் லாட் மீதான அந்த எக்ஸ்டென்ஷனை லாட்டின் கம்பேனியன் ஆப்ஜெக்டில் (கிளாசின் அதே பெயரில் அதனுடன் வரும் ஆப்ஜெக்ட்) போட்டேன், இம்போர்ட்டே இல்லாமல் கம்பைலர் கண்டுபிடித்தது! லிஸ்டின் டைப் ஆர்கியுமென்ட் லாட் என்பதால் லாட்டின் கம்பேனியனும் இம்ப்ளிசிட் ஸ்கோப்பில் (கம்பைலர் தானாகத் தேடிப் பார்க்கும் இடங்களில்) வந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்துப்போன இடம் இது.

வெக்டருக்கும் சேர்த்து பொதுவாக்க பில்ட்ஃப்ரம் (BuildFrom, வந்த கலெக்ஷன் வகையிலேயே விடையைக் கட்ட உதவுவது) வரை போகலாம், ஆனால் மாமாவின் கணக்கில் எல்லாமே லிஸ்ட்தான், அதனால் இப்போதைக்குத் தொடவில்லை.