முதல் எல்இடி

பிள்ளைகளுக்கு எலக்ட்ரானிக்ஸ் கிட் வாங்குகிறீர்களா? சால்டரிங் (உலோகத்தை உருக்கிப் பற்றவைப்பது) தேவைப்படாததாகப் பாருங்கள். பிரெட்போர்டு (பாகங்களைத் துளைகளில் செருகி இணைக்கும் பலகை), 9 வோல்ட் பேட்டரி, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 470 ஓம் ரெசிஸ்டர், ஒரு சிவப்பு எல்இடி (சின்ன விளக்கு), ஆரம்பத்துக்கு இது போதும். எல்இடியின் நீளமான கால் பாசிட்டிவ் பக்கம். மாற்றிச் செருகினால் எரியாது. உடனே கை நீட்டிச் சரிசெய்துவிடாதீர்கள். என் மகள் தானே திருப்பிப் போட்டு எரியவைத்தபோது அவள் முகத்தைப் பார்க்கணுமே!

அப்புறம் 470-ஐ எடுத்துவிட்டு 10,000 ஓம் போடச் சொல்லுங்கள். வெளிச்சம் சட்டென்று மங்கும். ரெசிஸ்டர் என்ன செய்கிறது என்று பாடம் நடத்தவே வேண்டாம். ஆனால் ரெசிஸ்டரே இல்லாமல் இணைக்க விடாதீர்கள், எல்இடி போய்விடும்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பட்டன் செல் (பொத்தான் போன்ற சின்ன வட்ட பேட்டரி) உள்ள கிட் வேண்டவே வேண்டாம். விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.