அப்பாவின் ஈறுகள்

ஜனவரி 6
மறுபடியும் இரத்தம். அப்பா துப்பியதில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. அவர் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. கீழ்வரிசையின் உள்பக்கம், நாக்கு படும் இடத்தில், பல்லில் படிந்து இறுகிய காரை பழுப்பேறி ஈறுகளைக் கீழே தள்ளிக்கொண்டு நிற்கிறது. போன வாரம் நுரையீரல் மருத்துவர் மார்பைத் தட்டினார், நகங்களைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார். டார்ச் வெளிச்சம் பற்களைத் தாண்டி நேரே தொண்டைக்குப் போய்விட்டது.

ஜனவரி 7
பக்கத்து வீட்டில் காய்ச்சல். ஜன்னலைச் சாத்தினேன்.

ஜனவரி 9
தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். கத்தாரில் கொரோனா நோயாளிகள் 568 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 2021இல் வந்தது. பல் எக்ஸ்ரேயில், ஈறு நோயால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்திருந்தவர்களுக்கு மரண வாய்ப்பு 8.81 மடங்கு என்கிறது. வயிற்றைப் பிசைந்தது. அடுத்த வரியைப் பிறகுதான் பார்த்தேன்: அந்த மடங்கு 1 முதல் 77 வரை எதுவாகவும் இருக்கலாம். இறந்தவர்கள் மிகச் சிலர் என்பதால் இவ்வளவு அகலம். 1 என்றால் வித்தியாசமே இல்லை என்று பொருள். செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டவர்களின் கணக்கு இதைவிட உறுதியாக இருக்கிறது, ஏறத்தாழ நாலரை மடங்கு. ஆனால் இதெல்லாம் தொற்று வந்த பிறகு நடப்பது. தொற்றே வராமலிருக்க ஈறுகள் உதவுமா என்பது வேறு கேள்வி. எனக்கு வேண்டியது அதுதான்.

ஜனவரி 10
எட்டு புள்ளி எட்டு ஒன்று.

ஜனவரி 12
அண்ணன் தொலைபேசியில் சிரித்தான். "தடுப்பூசி போட்டாயிற்று, முகக்கவசம் இருக்கிறது, இனிப் பல்லையும் பிடித்துக்கொண்டாயா?" சர்க்கரை ஈறுகளையும் கெடுக்கும், எதிர்ப்புச் சக்தியையும் கெடுக்கும், பழியைப் பல்லின் மேல் போடுகிறாய் என்றான். நியாயமான பேச்சுதான். அதனாலேயே கோபம் வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரையும் இருக்கிறது, பழைய புகைப் பழக்கமும் இருக்கிறது. எது எதை இழுத்து வந்தது என்று யார் பிரித்துச் சொல்வது?

ஜனவரி 13
ஒன்று கிடைத்தது! ஜப்பான், 2006. பகல்நேரப் பராமரிப்பு மையங்களுக்கு வரும் முதியவர்கள். பயிற்சி பெற்றவர்கள் வாயைச் சுத்தம் செய்துவிட்ட 98 பேரில் ஒருவருக்குத்தான் இன்ஃப்ளுயன்சா வந்தது. மற்ற 92 பேரில் 9 பேருக்கு. சிறிய ஆய்வு, தெரியும். ஆனால் காரணமும் பொருந்துகிறது. அந்த வைரஸ் செல்லுக்குள் நுழைய வேண்டுமானால் அதன் மேலுள்ள ஒரு புரதத்தை ஏதாவது நொதி வெட்டிக்கொடுக்க வேண்டும். வாயிலுள்ள சில பாக்டீரியாக்கள் அப்படிப்பட்ட நொதிகளைச் சுரக்கின்றன. வெளியிலிருந்து வரும் திருடனுக்கு வீட்டு ஆளே தாழ்ப்பாளை நீக்குகிற கதை. சுத்தம் செய்தவர்களின் எச்சிலில் அந்த நொதிகளின் செயல்பாடும் குறைந்திருந்தது. அண்ணனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான், பதில் இல்லை.

ஜனவரி 15
பல் மருத்துவரிடம் போனோம். கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லுக்கும் ஈறுக்கும் இடையே இறக்கிப் பள்ளத்தின் ஆழத்தை அளந்தார், உதவியாளர் எழுதிக்கொண்டார். "மூன்று, இரண்டு, மூன்று. மூன்று, ஆறு, ஏழு." மூன்று மில்லிமீட்டர் வரை பரவாயில்லையாம். ஏழு என்றபோது அப்பா நாற்காலியின் கையை இறுக்கினார். காரையை வேர்வரை சுரண்ட வேண்டும், ஆனால் இந்த இருமலோடு முடியாது, தணியட்டும் என்றார். இருமல் தணியத்தானே இங்கே வந்தோம்!

ஜனவரி 16
இன்ஹேலர் இழுத்ததும் வாய் கொப்பளிக்க மாட்டேன் என்கிறார். சண்டை.

ஜனவரி 18
இரவு மூன்று மணிக்குப் புரையேறி எழுந்தார். உட்கார வைத்து முதுகைத் தடவினேன். விழித்திருப்பவருக்குப் புரையேறினால் இருமித் தள்ளிவிடுகிறார். தூக்கத்தில் வாய்க் கிருமிகளோடு நுரையீரலுக்குள் சத்தமில்லாமல் இறங்கும் எச்சிலை யார் தடுப்பது? 1918 இன்ஃப்ளுயன்சாவில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கடைசியில் கொன்றது, வைரஸுக்குப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியா. பாதுகாத்து வைத்த நுரையீரல் திசுக்களை மறுபடி ஆராய்ந்து 2008இல் எழுதியிருக்கிறார்கள். ஏழு மில்லிமீட்டர் பள்ளத்தில் என்னென்ன குடியிருக்கின்றனவோ.

ஜனவரி 19
நல்ல நாள். காலையில் இருமல் குறைவு. பல்லிடுக்குப் பிரஷ்ஷைத் தானே வாங்கிக்கொண்டு, "நீ போய் உன் வேலையைப் பார்" என்றார்.

ஜனவரி 21
பல் மருத்துவர் வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டார். மருந்துச் சீட்டு, இன்ஹேலர், சர்க்கரை எழுதிய தாள், எல்லாம் எடுத்து வைத்தேன். இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை அன்று கொடுக்கலாமா என்று இதய மருத்துவரிடம் கேட்க வேண்டும். இருமுறை அழைத்தேன், எடுக்கவில்லை. மாலையில் அண்ணன் வருகிறான், தும்மலோடு. வாசலிலேயே முகக்கவசம் கொடுக்க வேண்டும்.