கரண்ட் திரும்பும்போது

சின்தசைசரில் ஒலியைத் தாமதித்து எதிரொலி தரும் டிலே மாட்யூல் என்றாலே எல்லோரும் எதிரொலி எவ்வளவு சுத்தம் என்றுதான் கேட்பார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்து இந்த மாட்யூல்களைச் செய்கிற எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி, கரண்ட் வந்த முதல் அரை நொடியில் சிப் என்ன செய்கிறது என்பதுதான்.

யூரோரேக்கில், அதாவது தனித்தனி மாட்யூல்களைச் சேர்த்துக் கட்டும் சின்தசைசர் வகையில், பலரும் பயன்படுத்துவது பி.டி. 2399 என்ற டிலே சிப். விலை குறைவு, 5 வோல்ட்டில் ஓடும், சுமார் 30 முதல் 340 மில்லி செகண்ட் வரை தாமதம் தரும். அதன் 6ஆம் பின் (சிப்பின் கால்) ஏறத்தாழ 2.5 வோல்ட்டில் நிற்கும். அங்கிருந்து கரண்டை அதிகமாக இழுத்தால் சிப்பின் உள் துடிப்பான கிளாக் வேகமாகும், தாமதம் குறையும். கிட்டார் பெடலில் அந்த இடத்தில் ஒரு திருகு இருக்கும். நமக்கு இன்னொரு மாட்யூலின் வோல்டேஜ் அதைத் திருக வேண்டும், அதனால் டிரான்சிஸ்டர் வைத்து இழுக்கிறோம். நாதஸ்வர ஒலி ஒன்றை உள்ளே விட்டு வோல்டேஜை ஏற்றினால், ஏற்கெனவே உள்ளே போன ஒலி சுருதி ஏறிக்கொண்டே வெளியே வரும். அதற்காகவே இந்தச் சிப்பை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் சிப் கண் விழிக்கும்போது 6ஆம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே சுமார் 2 கிலோ ஓமுக்கும் குறைவான தடை இருந்தால் அது வேலை செய்யாமல் அப்படியே மாட்டிக்கொள்ளலாம். 2023இல் இங்கே லோட் ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது இதைத் தினமும் பார்க்க முடிந்தது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார்: "அண்ணா, கரண்ட் வந்துருச்சு, எக்கோ மட்டும் வரல." வேறெங்கோ வாங்கிய மாட்யூல். கரண்ட் திரும்பிய நேரத்தில் கட்டுப்பாட்டு வோல்டேஜ் உச்சத்தில் இருந்திருக்கிறது, அதனால் டிரான்சிஸ்டர் 6ஆம் பின்னிலிருந்து அளவுக்கு மீறி இழுத்திருக்கிறது.

தீர்வு எளிது. இழுக்கும் டிரான்சிஸ்டரின் பேஸை (அதை இயக்கும் காலை) இன்னொரு டிரான்சிஸ்டர் தொடக்கத்தில் கிரவுண்டோடு பிடித்து வைக்கும். 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் நிரம்பியதும் விட்டுவிடும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இங்கே கரண்ட் ஒரே தடவையில் ஒழுங்காக வராது. வந்து, போய், மறுபடி வரும். அந்த இடைவெளியில் கெப்பாசிட்டர் காலியாகாவிட்டால் இரண்டாம் முறை காவல் இல்லை. அதைச் சட்டென்று காலி செய்ய ஒரு 1என்4148 டையோடு போதும்.

2024 மார்ச் இறுதிக்குப் பிறகு லோட் ஷெட்டிங் பெரும்பாலும் நின்றுவிட்டது. அந்த டையோடை நான் எடுக்கவில்லை. திருவிழா மேடையில் ஜெனரேட்டரிலிருந்து வரும் கரண்டும் இப்படித்தான் வரும்.